யாரோ எழுதிய லைப்ரரியும் அதன் வாடையும்

கோட் ஸ்மெல், அதாவது கோடில் அடிக்கும் வாடை, லைப்ரரியில் என்ன செய்யும் என்பதற்கு முதலில் ஒரு கதை. லைப்ரரி என்பது பலர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தக் கோட். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பழைய 0.9.8 பதிப்பில் எம்டி_ரேண்ட்.சி என்று ஒரு கோப்பு உண்டு. ரேண்டம் எண்களை உற்பத்தி செய்வது அதன் வேலை; ரகசியச் சாவிகள் அவற்றிலிருந்துதான் உருவாகும். அதற்குள் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இரண்டு வரிகள் இருந்தன: எம்டி_அப்டேட்(&எம், பஃப், ஜே). இரண்டும் வெவ்வேறு ஃபங்ஷன்களில். முதலாவது, வெளியிலிருந்து வரும் விதையை, அதாவது யாராலும் ஊகிக்க முடியாத தரவைக் கலக்கும் வரி. அதை எடுத்தால் மொத்தப் பாதுகாப்பும் போச்சு. இரண்டாவது, விடையை வாங்கிக்கொள்ள அழைத்தவர் நீட்டிய பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) ஏற்கெனவே என்ன குப்பை கிடக்கிறதோ அதையும் சேர்த்துக் கலக்கும் வரி. இருந்தால் சிறு லாபம், இல்லாவிட்டால் நட்டம் ஏதுமில்லை. இந்த இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் மட்டும் 'பியூரிஃபை புகார் சொல்கிறது' என்று ஒரு குட்டிக் கமெண்ட் இருந்தது. பியூரிஃபை என்பது நினைவகப் பிழைகளைத் தேடும் கருவி. முதல் வரிக்கு எந்த விளக்கமும் இல்லை.

2006இல் டெபியன் லினக்ஸில் இந்த லைப்ரரியைப் பராமரித்தவர் அந்த வரிகளைப் பார்த்தார். ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தங்கள் நிரலில் சேர்த்தவர்கள் பியூரிஃபை போன்ற இன்னொரு கருவியான வால்கிரைண்டை ஓட்டினால், இன்னும் எந்த மதிப்பும் எழுதாத நினைவகத்தைப் படிக்கிறாய் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அதன் வேரைத் தேடிப் போனவருக்கு இந்த இரண்டு வரிகளும் அகப்பட்டன. லைப்ரரி எழுதுபவர்களிடம் கேட்டும் பார்த்தார். பிழை தேட உதவும் என்றால் எடுக்கலாம் என்ற தொனியில் பதில் கிடைத்தது. இரண்டையும் கமெண்ட் ஆக்கி ஓடாமல் முடக்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் திருத்திய பொதி வெளியானது. அதன்பின் டெபியனிலும், அதை அடியொற்றிய உபுண்டுவிலும் ரேண்டம் எண்ணுக்கு மிஞ்சிய விதை பிராசஸ் ஐடி, அதாவது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண், ஒன்றுதான். லினக்ஸில் அது வழக்கமாக 32,768ஐத் தாண்டாது. ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகள் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவுபவை) எல்லாம் அந்த முப்பத்திச் சொச்சம் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். மதியத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

2008 மே மாதம் டெபியனைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. பிறகு உலகம் முழுக்க சாவி மாற்றும் படலம். டெபியன் பயன்படுத்தாதவர்களும் தப்பவில்லை. டெபியன் கணினியில் உருவாக்கிய சாவியை யாராவது அவர்கள் சர்வரில் போட்டிருந்தால் அதுவும் ஓட்டைதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பராமரிப்பாளரின் தலையில் குட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். மாறிகளின் பெயர்கள் ஐ, ஜே, கே, எம், எம்டி. ஃபங்ஷன் பெயர்களில் எஸ்எஸ்எல்ஈய் என்ற முன்னொட்டு. 1998இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பிறப்பதற்கு முன் இருந்த தாய் லைப்ரரியின் பெயர் அது. உயிர்நாடியான வரிக்கும் உதவாத வரிக்கும் வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. எழுதியவர்களுக்கு அது தெரியும், அவர்கள் தலைக்குள் இருந்தது. நல்ல எண்ணத்தோடு உள்ளே கை வைத்த வெளியாளுக்கு அந்தக் கோட் எந்தத் தடயத்தையும் தரவில்லை, தந்த ஒரே தடயமும் தப்பான பக்கம் காட்டியது.

கோட் ஸ்மெல் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். கோட் ஓடும், டெஸ்ட் தேறும், பிழை என்று சுட்ட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்து திருத்த வருபவரை வழுக்கி விடும். மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் கிளப்பிவிட்ட சொல் அது. 1999இல் அவரும் மார்ட்டின் ஃபவுலரும் ரீஃபாக்டரிங் (ஓடும் விதம் மாறாமல் கோடை ஒழுங்குபடுத்துவது) என்ற நூலின் ஒரு அத்தியாயத்தில் 22 வகைகளைப் பட்டியல் போட்டார்கள்: ஒரே கோட் பல இடத்தில், நீளமான மெத்தட், நீளமான பாராமீட்டர் பட்டியல், ஒரு கிளாஸ் (தரவும் கோடும் சேர்ந்த அலகு) இன்னொன்றின் அந்தரங்கத்தில் மூக்கை நுழைப்பது, பிற்காலத்தில் உதவும் என்று இன்றே கட்டிவைப்பது, இப்படி. 22இல் லைப்ரரி என்ற சொல் வருவது ஒன்றே ஒன்றில். அதுவும் நாம் வாங்கிப் பயன்படுத்தும் லைப்ரரியில் ஏதோ குறைகிறது என்ற பயனாளியின் புலம்பல். லைப்ரரி எழுதுபவனுக்கென்று தனியாக எதுவும் இல்லை. அந்த நூலின் கவனம் சொந்தக் கோடைத் திருத்துவதில். தவறில்லை, ஆனால் பிறகு வந்தவர்கள் அந்தப் பட்டியலை எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோலாக்கிவிட்டார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்மெல் எண்ணிக்கை மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒரு கட்டம். எண் சிவப்பாக இருந்தால் மேனேஜருக்கு நெஞ்செரிச்சல். ஆகவே மார்ச் மாதம் வந்தால் எல்லாரும் உட்கார்ந்து முந்நூறு வரி மெத்தடை பிராசஸ்1, பிராசஸ்2, பிராசஸ்3 என்று வெட்டுவார்கள். கருவி பச்சை காட்டும். படிக்கிறவனுக்கு முன்பு ஒரு இடத்தில் தொலைந்துபோன பொருள் இப்போது மூன்று இடத்தில் தொலைந்திருக்கும். எல்லாருக்கும் பொதுவான யூட்டில்ஸ் ஜாரில் (ஜாவா கோட் பொதியில்) அசல் நாற்றம் இருந்தது. அதைத் தொட ஒருத்தருக்கும் தைரியமில்லை, ஏனென்றால் அதை எத்தனை பிராஜெக்ட் இழுக்கிறது என்று சரியாகச் சொல்ல ஆளில்லை.

ஸ்மெல் உண்மையிலேயே பராமரிப்பைக் கடினமாக்குகிறதா என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. நார்வேயில் டாக் ஷோபெர்க்கும் அவரது குழுவும் 2013இல் வெளியிட்ட ஆய்வு என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரே வேலையைச் செய்யும், வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய நான்கு ஜாவா அமைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கொடுத்து ஆறு டெவலப்பர்களை அமர்த்தி, மாற்றங்கள் செய்யச் சொல்லி, எந்தக் கோப்பில் எவ்வளவு நேரம் போனது என்று பதிந்தார்கள். கோப்பின் அளவையும் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, பார்த்த 12 ஸ்மெல்களில் ஒன்றுகூட வேலையைக் குறிப்பிடும் அளவுக்குக் கூட்டவில்லை. ஒன்று குறைக்கவே செய்தது. பெரிய கோப்பு, நிறைய திருத்தம். நேரத்தைத் தின்றவை இவைதான்.

ஸ்மெல் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த ஆய்வைப் பேசவே மாட்டார்கள். நான் இதை நம்புகிறேன். ஆனால் அது அளந்தது என்ன? தன் கையில் இருக்கும் முழு அமைப்பை, தானே திறந்து, தானே திருத்தும் டெவலப்பரின் நேரத்தை. குழப்பமான மெத்தட் என்றால் அவர் டீபகர் போட்டுப் பார்ப்பார், அழைக்கும் இடங்களைத் தேடுவார், பெயரை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போவார். எல்லாம் ஒரே வீட்டுக்குள். பல பேர் பயன்படுத்தும் லைப்ரரியில் அந்த வசதி கிடையாது. அழைக்கும் இடங்கள் உங்கள் கண்ணுக்கே தெரியாது. திருத்த வருபவர் நீங்கள் பார்த்திராத ஆள். ஸ்மெல்லின் விலையை எழுதியவர் கொடுப்பதில்லை என்பதால் அதன் கணக்கும் எந்த டைம்ஷீட்டிலும் ஏறுவதில்லை.

ஹார்ட்பிளீட் என்று பெயர்பெற்ற ஓட்டையை எடுத்துக்கொள்வோம். 2012 மார்ச்சில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1இல் ஹார்ட்பீட் என்ற புது வசதி சேர்ந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சில பைட்டுகளை அனுப்பும், மறுபக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பைட் என்ற எண்ணும் சேர்ந்தே வரும். அந்த எண்ணை நம்பி, உண்மையில் அவ்வளவு வந்திருக்கிறதா என்று பார்க்காமல் நகலெடுத்ததுதான் பிழை. ஒரு பைட் அனுப்பிவிட்டு 64 கிலோபைட் அனுப்பினேன் என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து மீதியை நிரப்பிக் கொடுத்துவிடும். சாவி, கடவுச்சொல், அப்போது அங்கே என்ன இருந்ததோ அது. 2014 ஏப்ரல் 7இல் வெளியே வந்தது.

பிழை இது. பிழை இரண்டு வருடம் மறைந்து கிடக்க இடம் கொடுத்த வாடை வேறு. அந்த ஃபங்ஷனில் மூன்று பெயர்கள் முக்கியம்: பிஎல், பிபி, பேலோட். பேலோட் என்றால் சுமந்து வரும் தரவு என்று யாரும் நினைப்பார்கள். அங்கே அது தரவு அல்ல, தரவின் நீளம். தரவைக் காட்டும் பாயின்டரின் பெயர் பிஎல். ஆகவே ஆபத்தான வரி இப்படி இருக்கும்: மெம்காப்பி(பிபி, பிஎல், பேலோட்), அதாவது பிஎல்லிலிருந்து பிபிக்கு அத்தனை பைட் நகலெடு. நீளம் இருக்க வேண்டிய மூன்றாவது இடத்தில் 'பேலோட்' என்று எழுதியிருக்கிறது. அதை 'எதிராளி சொன்ன நீளம்' என்கிற மாதிரி ஒரு பெயரில் வைத்திருந்தால், ரிவ்யூவில் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தியிருப்பார் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

அதே ஃபங்ஷனில் அதற்கு முன்னால் என்2எஸ்(பி, பேலோட்) என்று ஒன்று. ஃபங்ஷன் மாதிரி தெரியும், ஆனால் மேக்ரோ, கம்பைல் ஆகும் முன் அந்த இடத்திலேயே விரியும் துணுக்கு. இரண்டு பைட்டைப் படித்து எண்ணாக்கி பேலோடில் போடும், போகிற போக்கில் பி என்ற பாயின்டரையும் இரண்டு இடம் நகர்த்திவிடும். அழைப்பைப் பார்த்தால் இரண்டுமே மாறும் என்று தெரியாது. லைப்ரரிக்குள் பழகினவர்களுக்கு இது கைவந்த கலை. மற்றவர்களுக்குப் பொறி.

இன்னொன்று: இதே கோட் இரண்டு இடத்தில் இருந்தது. டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறைக்கு ஒரு கோப்பில், அதன் இன்னொரு வடிவமான டிடிஎல்எஸ்ஸுக்கு இன்னொரு கோப்பில், ஏறக்குறைய வரிக்கு வரி நகல். ஓட்டையும் இரண்டிலும். திருத்தமும் இரண்டு இடத்தில் செய்தார்கள். அந்தத் திருத்தத்தையே பாருங்கள்: 1 + 2 + பேலோட் + 16 என்பது வந்த ரெக்கார்டின் நீளத்தைவிடப் பெரிதா என்று பார்க்கும் ஒரு வரி. ஒன்று எது, இரண்டு எது, பதினாறு எது என்று தெரிய கீழே போய் வேறொரு கமெண்டைப் படிக்க வேண்டும்: வகைக்கு ஒரு பைட், நீளத்துக்கு இரண்டு, நிரப்பலுக்குப் பதினாறு. உலகமே பதறிக்கொண்டிருந்த நேரத்தில் போட்ட திருத்தம் என்பதால் அதற்குக் குறை சொல்லவில்லை. ஆனால் வாடையுள்ள கோடில் போடும் அவசரத் திருத்தமும் அதே வாடையில்தான் இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது ஃப்ரீலிஸ்ட் விஷயம். சில கணினிகளில் மல்லாக், அதாவது நினைவகம் ஒதுக்கித் தரும் ஃபங்ஷன், மெதுவாக இருந்தது என்பதால், ஓப்பன்எஸ்எஸ்எல் விடுவித்த பஃபர்களைத் தானே ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு மறுபடி கொடுத்தது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் மல்லாக், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் நிரலை உடனே நிறுத்தும் அளவுக்குக் கறாரானது. இந்த ஃப்ரீலிஸ்ட் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அந்தக் காவல் எதையும் பார்க்கவில்லை. சரி, ஃப்ரீலிஸ்டை அணைத்துவிடலாமே என்று ஓப்பன்பிஎஸ்டியின் டெட் உனாங்ஸ்ட் முயன்றார். அதற்கான ஆப்ஷனும் இருந்தது. அணைத்தால் இணைப்பு உடைந்தது. காரணம், லைப்ரரியின் வேறொரு மூலையில் பஃபரை விடுவித்துவிட்டு, உடனே மறுபடி கேட்டு, பழைய தரவு அப்படியே அதில் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதிய கோட். ஃப்ரீலிஸ்ட் இருந்தவரை அது உண்மையாகவும் இருந்தது. ஒரு வாடை இன்னொன்றுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது, முட்டை எடுத்தால் மேலே இருப்பது விழுகிறது. யாரும் ஓட்டிப் பார்க்காத ஆப்ஷன் ஆப்ஷனே அல்ல என்று அன்றைக்குப் புரிந்தது.

ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் அந்த ஏப்ரலிலேயே ஓப்பன்எஸ்எஸ்எல் கோடை நகலெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பிரித்துக்கொண்டு போனார்கள். முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெட்டினார்கள். விஎம்எஸ், ஓஎஸ்/2, நெட்வேர், 16 பிட் விண்டோஸ் என்று இறந்துபோன இயங்குதளங்களுக்கான கோட் எல்லாம் அதில் அடக்கம். இந்த வாடை லைப்ரரிகளுக்கென்றே வாய்த்தது. எங்கும் ஓட வேண்டும், எல்லாருக்கும் உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வருவது. சொந்த அப்ளிகேஷனில் தேவையில்லாத ஆப்ஷனை யாராவது ஒரு நாள் எரிச்சலில் அழித்துவிடுவார்கள். லைப்ரரியில் 'எங்கேயோ யாரோ பயன்படுத்தலாம்' என்ற ஒரு வாக்கியம் போதும், அது சாகாவரம் பெற்றுவிடும். அந்தச் சமயத்தில் இந்த லைப்ரரிக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர், முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒருவர். அவர் எதை அழிக்க, எதை வைக்க? ஹார்ட்பீட் வசதியையே 2018இல் 1.1.1 பதிப்பில்தான் எடுத்தார்கள்.

பயனற்றுப்போன கோட் மறுபயன்பாட்டில் என்ன செய்யும் என்பதற்கு ஏரியன் 5ஐவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். கிளம்பி ஏறக்குறைய 40 விநாடிகளில் ராக்கெட் சிதறியது. திசை அறியும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4இலிருந்து எடுத்து வைத்தது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளவில்லை; மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள், அதே முடிவு. இதுவரை எல்லாரும் படித்திருப்பீர்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையில் இருக்கும் இரண்டு விஷயங்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒன்று, பிழை வந்த அந்தப் பகுதிக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு வேலையே இல்லை. கவுன்ட்டவுன் நடுவில் நின்றால் சீக்கிரம் தொடர வசதியாக இருக்கட்டும் என்று, பழைய ஏரியன்களுக்காக, பறக்கத் தொடங்கிய பின்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தார்கள். ஏரியன் 5க்கு அந்தத் தேவை கிடையாது. அப்படியே வந்துவிட்டது. இரண்டு, அபாயமான மாறிகள் ஏழில் நான்குக்குப் பாதுகாப்புப் போட்டு மூன்றை விட்டிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒரு காரணம். ஏரியன் 4இன் பாதையில் அந்த மூன்றும் எல்லை தாண்டாது என்று ஆராய்ந்துதான் விட்டார்கள். அந்த ஆராய்ச்சியைப் பற்றி சோர்ஸ் கோடில் ஒரு குறிப்பும் இல்லை. அதை எடுத்து ஏரியன் 5இல் வைத்தவருக்கு இந்த மூன்றும் வேண்டுமென்றே விடப்பட்டவை என்று தெரிய அங்கே வழியில்லை.

கமெண்ட் எழுதுவதே ஒரு ஸ்மெல் என்று சொல்லித் திரியும் ஆட்களிடம் நான் இந்த அறிக்கையைக் காட்டுவதுண்டு. என்ன செய்கிறது என்று சொல்லும் கமெண்ட் வேண்டாம்தான். ஏன் இங்கே காவல் போடவில்லை என்று சொல்லும் கமெண்ட் இல்லாமல் போனால் லைப்ரரி அரைகுறை.

இதுவரை சொன்னது எல்லாம் உள்ளே இருக்கும் வாடை. உள்ளே இருப்பதை என்றைக்காவது கழுவலாம். வெளிமுகத்தில், அதாவது பயன்படுத்துகிறவர் கை வைக்கும் ஏபிஐயில் இருக்கும் வாடைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அது வாக்குறுதியாகிவிடுகிறது.

ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸைப் பாருங்கள். பெயரும் ஸ்ட்ரிங், மதிப்பும் ஸ்ட்ரிங் என்று வைத்துக்கொள்ள எழுதப்பட்டது. 1996இல் அதை ஹேஷ்டேபிள் என்ற பொதுவான பெயர்-மதிப்புப் பட்டியல் கிளாஸின் வாரிசாக்கினார்கள். வாரிசு என்றால் ஹேஷ்டேபிளின் புட் மெத்தடும் கூடவே வரும். அதில் ஸ்ட்ரிங் இல்லாத எதையும் போடலாம். போட்டால் அப்போது ஒன்றும் ஆகாது, கோப்பில் சேமிக்கப் போகும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து விழும். ஜாவாவின் சொந்த ஆவணமே, புட்டைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சுகிறது. தவறான வாரிசுரிமை என்று எல்லாருக்கும் தெரியும், யாராலும் அறுக்க முடியாது, அறுத்தால் உலகத்தில் எத்தனை நிரல் உடையும் என்று யாருக்குத் தெரியும்? 2017இல் ஜாவா 9 வந்தபோது உள்ளே கன்கரண்ட்ஹேஷ்மேப் என்ற வேறொரு கிளாஸை வைத்து, மேலே ஹேஷ்டேபிளின் பிள்ளை என்ற வேஷத்தை மட்டும் தொடர்ந்தார்கள். ஸ்டேக் கிளாஸும் இதே கதை; அது வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் வாரிசு, ஆகவே அடுக்கின் நடுவில் போய் எதையும் செருகலாம். டேட் கிளாஸில் ஜனவரி 0, டிசம்பர் 11. அதன் பெரும்பாலான மெத்தடுகளை 1997இல் ஜாவா 1.1 வந்தபோதே காலாவதி என்று அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கும் இருக்கின்றன. சரியான மாற்று, ஜாவா.டைம், 2014இல் வந்தது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லும் இந்த வலையில் சிக்கியதுதான். 1.0.2 வரை அதன் ஸ்ட்ரக்ட்கள் (தரவுப் புலங்களின் தொகுப்புகள்) எல்லாம் திறந்த வீடு. ஆர்எஸ்ஏ சாவியின் உள் எண்களை யார் வேண்டுமானாலும் அம்புக்குறி போட்டு நேரே எடுக்கலாம். ஹேஷ் கணக்கிடும் ஸ்ட்ரக்டைத் தங்கள் ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறியாக அறிவிக்கலாம். அப்படிச் செய்த நொடியில் அந்த ஸ்ட்ரக்டின் அளவு அவர்கள் நிரலுக்குள் போய் உறைந்துவிடும். பிறகு லைப்ரரிக்காரர் அதில் ஒரே ஒரு புலம் சேர்த்தாலும் ஏற்கெனவே கம்பைல் செய்த நிரல்கள் எல்லாம் நினைவகத்தை மிதிக்கும். சுத்தம் செய்ய ஆசை இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். 2016 ஆகஸ்டில் 1.1.0 பதிப்பில் துணிந்து மூடினார்கள்: இனி நேரே தொடக்கூடாது, ஃபங்ஷன் வழியாகக் கேள்.

சரியான முடிவு. அதற்கு ஆன செலவு? எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தன் வெளியீட்டில் 1.1ஐ ஏற்றுக்கொண்டது 2018 அக்டோபரில். 2017இல் வந்த டெபியன் பதிப்பு பழையதையும் புதியதையும் இரண்டையும் சேர்த்தே சுமந்தது. இந்தப் பழைய 1.0.2க்கான இலவச ஆதரவு 2019 டிசம்பர் 31 வரை இழுத்தது. ஒரே ஒரு ஸ்மெல், 'அந்தரங்கத்தில் மூக்கை நுழைப்பது'. தொடக்கத்திலேயே மூடியிருந்தால் ஒரு பிற்பகல் வேலை. பதினெட்டு வருடம் கழித்து மூடியதில் ஊர் உலகத்து ப்ரோக்ராமர்களின் உழைப்பு போனது. மென்பொருள் பொறியாளர் ஹைரம் ரைட் சொல்லி, பிறகு விதி என்றே பெயர் பெற்ற ஒன்று இருக்கிறது: பயனாளிகள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன சொன்னீர்கள் என்பது பொருட்டல்ல, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். ஸ்மெல்லும் நடத்தையில் சேர்த்திதான்.

இப்போது நான் பார்த்துக்கொள்வது எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே பல டீம்கள் இழுக்கும் ஒரு ரிப்போர்ட் லைப்ரரி. டேட்டா கொடுத்தால் எக்ஸெல், பிடிஎஃப் தரும். என் கைக்கு வருவதற்கு முன்பே அதன் எக்ஸ்போர்ட் மெத்தடில் கடைசியாக நான்கு பூலியன்கள் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மதிப்புகள்) இருந்தன. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒருநாள் கேட்டான்:

"அண்ணா, எல்லா இடத்துலயும் ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ, ட்ரூன்னே போட்டிருக்காங்க. மூணாவது ட்ரூ எதுக்கு?"

"நீயே உள்ள போய்ப் பாரேன்."

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். "அண்ணா, அத யாருமே படிக்கல. உள்ள வருது, சும்மா கெடக்குது."

"சரி, எடுத்துடு."

"எடுத்தா எல்லா டீமுக்கும் பில்ட் உடையுமே."

பாடம் முடிந்தது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த மூன்றாவது பூலியன் ஒரு காலத்தில் பழைய எக்ஸெல் ஃபார்மட்டுக்கானது. அந்த ஃபார்மட்டை நிறுத்தியபோது உள்ளே இருந்த கோடை எடுத்தார்கள், கதவை மட்டும் விட்டுவிட்டார்கள். நான்காவது, ஒரே ஒரு டீம் கேட்டதற்காகச் சேர்த்தது. அவர்களுக்கு மட்டும் தலைப்பு வரிசை வேண்டாம். மற்ற எல்லா டீமும் அவர்களுக்காக இன்றுவரை ட்ரூ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நானும் தம்பியும் சேர்ந்து ஆப்ஷன்களைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் ஒரு பில்டரை எழுதினோம். பழைய மெத்தட் அப்படியே இருக்கிறது, டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்தாதீர்கள்) என்ற முத்திரையோடு. உள்ளே புதியதைக் கூப்பிடுகிறது.

இந்த வேலையில் எனக்கு ஒரு பாரபட்சம் வந்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. பப்ளிக் என்று எழுதியிருக்கும் எதையும் ரிவ்யூவில் பல்லிடுக்கு வரை பார்ப்பேன்: பெயர், பாராமீட்டர் வரிசை, எதைத் திருப்பித் தருகிறது, எதை வாரிசாகக் கொண்டிருக்கிறது. பிரைவேட் மெத்தட் எண்பது வரி ஓடினால் பெரும்பாலும் விட்டுவிடுவேன். பெயர் ஒழுங்காக இருந்து, டெஸ்டும் இருந்தால் அதை அடுத்த வருடம்கூட வெட்டலாம். பார்க்கும் கருவி இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுகிறது. எனக்கு இரண்டும் ஒரே குற்றமல்ல. ஒரே மாதிரி தெரியும் இரண்டு வரிகளில் ஒன்று மட்டும் முக்கியம் என்றால் அங்கே மட்டும் பிரைவேட் என்றாலும் விடமாட்டேன், ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். டெபியன் கதை அந்த அளவுக்கு மண்டையில் ஏறியிருக்கிறது. புது ஆப்ஷன் கேட்டு வரும் டீமிடம், இதை நிறுத்தினால் முதலில் அலறப்போவது யார் என்று கேட்பேன். பதில் 'யாராவது' என்று வந்தால் சேர்ப்பதில்லை. இதனால் எனக்குக் கெட்ட பெயர் உண்டு.

அடுத்த மேஜர் வெர்ஷனில் அந்த நான்கு பூலியன் மெத்தடை எடுத்துவிடுவதாக எல்லாருக்கும் மெயில் போட்டாயிற்று. மாற்றிக்கொள்வது எப்படி என்று உதாரணத்தோடு ஒரு பக்கமும் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு டீம்கள், இந்தக் காலாண்டில் முடியாது, அடுத்த வெர்ஷனுக்குத் தள்ளி வையுங்கள் என்று இப்போதே பதில் அனுப்பிவிட்டன. அதில் ஒன்று, தலைப்பு வரிசை வேண்டாம் என்ற அதே டீம்.